உத்தரவிட முடியாத நாற்காலி: காயமடைந்த தொழிலாளருக்கும் சிறைவாசிக்குமான குறைதீர்ப்பு அலுவலகத்தை நடத்துவது எப்படி?

சிறையிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமலே அடையாளம் கண்டுவிடலாம். உறையின் பின்பக்கம்வரை எழுத்து இருக்கும், தாள் அங்கே அவ்வளவு சிக்கனமான பொருள். அப்படி வந்த ஒரு கடிதத்தில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. வலக்கைக்காரர் இடக்கையால் எழுதியது. சிறைத் தொழிற்கூடத்தில் தகடு வெட்டும் இயந்திரத்தில் வலக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. இழப்பீட்டு அலுவலகத்தைக் கேட்டிருக்கிறார். ‘கைதி தொழிலாளி ஆகமாட்டார்’ என்று பதில் வந்தது. சிறை நிர்வாகத்தைக் கேட்டிருக்கிறார். ‘இழப்பீடு எங்கள் வேலை அல்ல’ என்று பதில் வந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. இல்லை என்று சொல்வதற்கு மட்டும் அரசு அலுவலகங்கள் தாமதிப்பதே இல்லை.

காயமடைந்த தொழிலாளருக்கு உதவும் அலுவலகத்தையும் சிறையைக் கண்காணிக்கும் அலுவலகத்தையும் ஒருவரே கவனிக்க நேரும்போது, இரண்டுக்கும் என்னய்யா பொருத்தம் என்று கேட்பார்கள். பொருத்தம் இருக்கிறது. இரண்டு மனுதாரர்களும், தாங்கள் யார்மீது புகார் சொல்கிறார்களோ அவர்கள் கையையே எதிர்பார்த்து வாழ்கிறவர்கள். தொழிலாளரின் மருந்துச் செலவைத் தருவது அவர் எதிர்த்து நிற்கும் காப்பீட்டு நிறுவனம். சிறைவாசியின் புகாரைத் தபாலில் சேர்ப்பது அவர் புகார் சொல்லும் வார்டர். இருவருக்கும் நாட்கள் கழிந்துகொண்டே இருக்கும், எதிர்த்தரப்புக்கு அவசரமே இராது. நீங்களோ யாருக்கும் உத்தரவிட முடியாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்கலாம், போய்ப் பார்க்கலாம், எழுதலாம். அவ்வளவுதான். அந்த மூன்றையும் தேதியோடு செய்தால் அலுவலகம் நிற்கும்.

உங்கள் சட்டத்தைப் பேனாவோடு வாசியுங்கள்

பதவியேற்றதும் அதிகாரிகளைச் சந்தித்துக் கைகுலுக்கப் பலரும் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கி, உங்கள் அலுவலகத்தை உருவாக்கிய சட்டத்தையோ ஆணையையோ வரிவரியாகப் படியுங்கள். எந்த ஆவணத்தை நீங்கள் கேட்டு வாங்கலாம்? எந்தக் கதவை முன்னறிவிப்பில்லாமல் திறக்கச் சொல்லலாம்? கேட்ட கேள்விக்கு எத்தனை நாளில் பதில் வரவேண்டும்? உங்கள் அறிக்கை யாருக்குப் போகிறது, அதைப் பொதுவில் வெளியிடலாமா? உங்களிடம் பேசியவரைப் பழிவாங்கினால் அதற்குத் தண்டனை உண்டா? உங்களை யார் நீக்கலாம்? ஒவ்வொரு கேள்விக்கும் பிரிவு எண்ணோடு பதிலை ஒரே பக்கத்தில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறை வாசலில் ‘மேலிடத்து அனுமதி வேண்டும்’ என்று நிறுத்தும்போது எடுத்துக் காட்ட அந்தப் பக்கம் உதவும்.

உங்களை யார் நீக்கலாம் என்ற கடைசிக் கேள்வியைச் சடங்காக நினைக்காதீர்கள். இந்தப் பதவிக்கு முன்னோடி ஸ்வீடனில் 1809-இல் பிறந்தது. மன்னரின் அதிகாரிகளை, மன்னர் நியமிக்காத ஒருவர் கண்காணிக்கவேண்டும் என்று அங்கே நாடாளுமன்றம் முடிவு செய்தது. 1810-இல் லார்ஸ் அகஸ்டின் மன்னர்ஹெய்ம் முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குறைதீர்ப்பாளர் பதவிக்காக ஐரோப்பிய கவுன்சிலின் வெனிஸ் ஆணையம் வகுத்து, 2019-இல் வெளியான வெனிஸ் கோட்பாடுகள் இருபத்தைந்தில் பலவும் இதையே சுற்றிவருகின்றன: நியமனம், நிதி, பதவிப் பாதுகாப்பு. நீங்கள் கண்காணிக்கும் துறையின் வரவுசெலவுத் தலைப்பிலேயே உங்கள் சம்பளமும் இருந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்யலாம், மறைக்கக் கூடாது. ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் அதை எழுதிவிடுங்கள்.

இன்னொன்றையும் அன்றே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தொழிலாளருக்காக வாதாடுகிறவர் ஒரு பக்கம் நிற்கிறவர். குறைதீர்ப்பாளர் எந்தப் பக்கமும் சாயாமல் விசாரிக்கிறவர். சில சட்டங்கள் முதல் வேலையை மட்டும் தரும், சில இரண்டாவதை, சில இரண்டையும் கலந்து தரும். கலந்து தந்திருந்தால் ஒரே ஊழியரிடம் இரண்டு தொப்பியையும் மாட்டிவிடாதீர்கள். காலையில் ஒருவருக்காக வாதாடிவிட்டு மாலையில் அதே வழக்கில் நடுநிலை பேசுகிறவரை இரு தரப்பும் நம்பாது. மனுதாரரிடமும் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்: “நான் உங்கள் வக்கீல் அல்ல” அல்லது “நான் உங்கள் தரப்பு”. இதைச் சொல்லாமல் விட்டதால் ஆறு மாதம் கழித்து எழும் மனக்கசப்பை எந்தக் கடிதமும் ஆற்றாது.

பதிவேட்டை உங்கள் கையாலேயே ஒரு மாதம் எழுதுங்கள்

தலைமைப் பொறுப்பில் இருப்பவர் உள்வரவுப் பதிவேட்டை எழுதுவதா என்று முகம் சுளிப்பார்கள். ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். எங்கே கடிதம் தேங்குகிறது, எந்தச் சிறையிலிருந்து கடிதமே வருவதில்லை, எந்தத் தொழிலில் ஒரே காயம் திரும்பத் திரும்ப வருகிறது என்று வேறெந்த வழியிலும் இவ்வளவு சீக்கிரம் தெரியாது. புகாரே வராத சிறையைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். அங்கே புகார்ப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் முதல் விசாரணை.

பதிவேட்டில் வேண்டிய கட்டங்கள் அதிகமில்லை. கடிதம் எழுதிய தேதி, வந்த தேதி, யார், எந்த இடம், என்ன கேட்கிறார், என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யப்போகிறோம், எப்போது. எழுதிய தேதியையும் வந்த தேதியையும் தனித்தனிக் கட்டமாக வையுங்கள். இரண்டுக்கும் நடுவே இருபது நாள் இடைவெளி தொடர்ந்து வந்தால் உங்கள் தபாலை யாரோ நிறுத்தி வாசிக்கிறார்கள் என்று பொருள். ‘என்ன கேட்கிறார்’ என்ற கட்டத்தை அவருடைய வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘மருத்துவப் புகார்’ என்று எழுதினால் கோப்பு செத்துவிடும். ‘இரவில் மூச்சு முட்டுகிறது, மணி அடித்தால் யாரும் வருவதில்லை’ என்று எழுதினால் அதில் இரண்டு விசாரணை இருப்பது தெரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கட்டம் கெடு. இழப்பீட்டுச் சட்டங்கள் பெரும்பாலானவற்றில் கெடுக்கள் அடுக்கடுக்காக இருக்கும்: முதலாளிக்குத் தகவல் சொல்ல ஒன்று, மனு போட ஒன்று, மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஒன்று. முதலாவது நாட்கணக்கில் இருக்கலாம், இரண்டாவது ஆண்டுக்கணக்கில் இருக்கலாம், மூன்றாவது பெரும்பாலும் மிகக் குறுகியது. மனுதாரர் உங்களிடம் வருவதே மறுப்புக் கடிதம் கையில் கிடைத்த பிறகுதான். ஆகவே வந்த அன்றே, அவர் கதையை முழுக்கக் கேட்கும் முன்பே, அந்தக் கடிதத்தின் தேதியைப் பார்த்து, கடைசி நாளைக் கணக்கிட்டுச் சிவப்பு மையில் எழுதுங்கள். அதன்பின் நிதானமாகக் கதை கேட்கலாம். உங்கள் அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது என்பதற்காக மேல்முறையீட்டுக் கெடு நிற்காது. ‘குறைதீர்ப்பாளரிடம் கொடுத்திருக்கிறேன்’ என்று காத்திருந்து உரிமையை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் ஒப்புகைக் கடிதத்திலேயே தடித்த எழுத்தில் இதைச் சொல்லுங்கள்.

சிறைவாசியின் கோப்பில் கெடு வேறு விதம். விடுதலைத் தேதி, வேறு சிறைக்கு மாற்றும் தேதி, கண்காணிப்பு கேமராப் பதிவு அழிக்கப்படும் தேதி. அடிதடிப் புகார் வந்தால் மற்ற எதையும் கேட்பதற்கு முன், பதிவை அழிக்காமல் வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலான கேமராக்கள் பழையதன்மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். விளக்கம் பிறகும் வாங்கலாம்.

காயமடைந்தவரின் கோப்பு

அடிப்படை ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி 1884-இல் கொண்டுவந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டமும், பிரிட்டனில் 1897-இல் வந்த சட்டமும் ஒரு பழைய கேள்வியை ஒதுக்கிவைத்தன: தவறு யாருடையது? அதற்கு முன் தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போய் முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது. புதிய ஏற்பாட்டில் காயம் வேலையால் வந்தது என்று காட்டினால் போதும், பணம் உண்டு. மாற்றாக, முதலாளிமீது பெரிய தொகைக்கு வழக்குப் போடும் உரிமையைத் தொழிலாளி பொதுவாக விட்டுக்கொடுக்கிறார். ஆக, எதிரே இருப்பவர் “அவர் கையுறை போடவில்லை, அவர் தவறு” என்று பேசத் தொடங்கினால் நீங்கள் பணிவாகக் கேட்கவேண்டியது ஒன்றே: உங்கள் சட்டத்தில் அது பொருட்டா? பெரும்பாலும் இராது. போதை, வேண்டுமென்றே செய்துகொண்ட காயம் போன்ற சில விலக்குகள் மட்டுமே இருக்கும்.

கோப்பைத் திறந்ததும் நான் நான்கு தாள்களைத்தான் தேடுவேன். முதலாவது, முதலாளி கொடுத்த விபத்து அறிக்கை. இரண்டாவது, முதல் நாள் மருத்துவர் எழுதிய குறிப்பு. மூன்றாவது, விபத்துக்கு முந்தைய மாதங்களின் ஊதியச் சீட்டுகள். நான்காவது, மறுப்புக் கடிதம். இந்த நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேதிகளை மட்டும் ஒப்பிடுங்கள். மறுப்புகளில் கணிசமானவை தேதிக் குழப்பத்தில் முளைத்தவை. திங்கட்கிழமை தூக்கிய மூட்டையால் முதுகு பிடித்தது. இரண்டு நாள் எண்ணெய் தேய்த்துச் சமாளித்துவிட்டு வியாழக்கிழமை மருத்துவரிடம் போகிறார். மருத்துவர் ‘எப்போதிருந்து வலி’ என்று கேட்க, ‘கொஞ்ச நாளாக’ என்கிறார். அந்த ‘கொஞ்ச நாளாக’ மருத்துவக் குறிப்பில் ஏறி, ‘ஏற்கெனவே இருந்த நோய்’ என்று மறுப்புக் கடிதத்தில் இறங்குகிறது. இதற்குச் சட்ட நுணுக்கம் தேவையில்லை. அந்த மருத்துவரிடம் விளக்கம் கேட்டு ஒரு பக்கக் கடிதம் வாங்கினாலே பல கோப்புகள் திரும்ப உயிர் பெறும்.

ஊதியச் சீட்டுகளை ஏன் கேட்கிறோம் என்றால், வாராவாரம் வரும் இழப்பீடு ஊதியத்தின் ஒரு பங்காகத்தான் கணக்கிடப்படும். அடிப்படை ஊதியத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, வழக்கமாகச் செய்துவந்த மிகைநேர வேலையை விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும். இரண்டாவது வேலை ஒன்று இருந்தால் அதுவும் காணாமல் போகும். மனுதாரர் இதைக் கவனிக்க மாட்டார். பணம் வந்ததே பெரிது என்று இருப்பார். நீங்கள்தான் கால்குலேட்டரை எடுக்கவேண்டும்.

அடுத்தது நிரந்தர பாதிப்பின் சதவீதம். இங்கே புதியவர்கள் இரண்டு வேறு பொருள்களைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். உடலின் ஓர் உறுப்பு எவ்வளவு செயல் இழந்தது என்பது மருத்துவர் சொல்லும் கணக்கு. அதனால் இந்த மனிதர் எவ்வளவு பிழைப்பை இழந்தார் என்பது வேறு கணக்கு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மதிப்பீட்டு முறையில் கட்டைவிரல் முழுவதும் போனால் கையில் 40 சதவீதம் போனதாகக் கொள்வார்கள். ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் 20 வீதம், மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 10 வீதம். கூட்டினால் நூறு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தையல்காரருக்கும் காவலாளிக்கும் கட்டைவிரல் ஒன்றல்ல. உங்கள் நாட்டுச் சட்டம் எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறது, இரண்டையும் சேர்க்கிறதா என்று அறியாமல் ஒரு மனுதாரருக்கும் ‘உங்களுக்கு இவ்வளவு கிடைக்கும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

தொழில்சார் நோய்கள் வரும்போது தேதிக் கணக்கே தலைகீழாகும். கல்தூள், மணல்தூள் மூச்சில் போய் வரும் சிலிக்கோசிஸ் பொதுவாகப் பத்தாண்டுக்கு மேல் கழித்தே தலைகாட்டும். அஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய்க்குப் பல பத்தாண்டுகள்கூட ஆகும். அதற்குள் நிறுவனம் மூடியிருக்கும், கூட வேலை செய்தவர்கள் சிதறியிருப்பார்கள். இந்தக் கோப்புகளில் கெடுவை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதே முதல் சண்டை: கடைசியாக வேலை செய்த நாளா, நோய் என்று மருத்துவர் சொன்ன நாளா, அது வேலையால் வந்தது என்று தெரிந்த நாளா? உங்கள் சட்டத்தில் உள்ள வாசகத்தை மனப்பாடமே செய்துவிடலாம், அவ்வளவு தடவை தேவைப்படும்.

இலகுவேலை என்றொரு பொறி இருக்கிறது. காயம் ஆறும்வரை எளிய வேலை தருகிறோம் என்று முதலாளி அழைப்பார். நல்ல எண்ணத்தோடு தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆளில்லாத அறையில் நாற்காலி போட்டு எட்டு மணி நேரம் சுவரைப் பார்க்க வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தானாக வெளியேறினால் இழப்பீடு நிற்குமே என்ற கணக்குதான். மனுதாரரிடம் சொல்லுங்கள்: மறுக்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு எடை தூக்கவேண்டும் என்று எழுதி வாங்கி, அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேளுங்கள். வாய்ச்சொல்லில் நடக்கும் இலகுவேலைக்குப் பின்னால் சாட்சியே இருக்காது.

சிறைக்குள் நுழைவது

இந்தப் பகுதியில் உங்களுக்குத் துணை நெல்சன் மண்டேலா விதிகள். சிறைவாசிகளை எப்படி நடத்தவேண்டும் என்று 1955-இல் வகுத்த குறைந்தபட்ச விதிகளைத் திருத்தி, 27 ஆண்டு சிறையில் இருந்தவரின் பெயரால் ஐநா பொதுச்சபை 2015 டிசம்பர் 17-இல் ஏற்றது. மொத்தம் 122 விதிகள். எல்லாவற்றையும் முதல் வாரமே படிக்கவேண்டாம். 83 முதல் 85 வரை உள்ளவை கண்காணிப்பு பற்றியவை, 56-உம் 57-உம் புகார் பற்றியவை. அறிவிக்காமல் போகலாம், எந்தச் சிறைக்கு என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம், யாரோடு பேசுவது என்று நீங்களே முடிவு செய்யலாம், காவலர் காதில் விழாமல் தனியாகப் பேசலாம் என்று 84-ஆம் விதி சொல்கிறது. உங்கள் நாடு சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தின் கூடுதல் நெறிமுறையை ஏற்றிருந்தால் பிடி இன்னும் இறுகும். 2002-இல் நிறைவேறி 2006-இல் நடைமுறைக்கு வந்த அந்த நெறிமுறை, சுதந்திரமான தேசிய அமைப்பு ஒன்று சிறைகளைத் தொடர்ந்து பார்வையிட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது.

அறிவித்துவிட்டுப் போனால் புதுச் சுண்ணாம்பு வாசனைதான் வரவேற்கும். அறிவிக்காமல் போனாலும் கண்காணிப்பாளரின் அறையில் தேநீரோடு உட்கார்ந்துவிட்டால் பலன் அதேதான். அந்த அரை மணி நேரம் உள்ளே என்னவெல்லாமோ நேராகும். வணக்கம் சொல்லிவிட்டு, தேநீர் போகும்போது குடிக்கலாம் என்று நேராகத் தனிமை அறைப் பகுதிக்கு நடங்கள். அங்கிருந்து தொடங்குவதற்குக் காரணம், மிகக் குறைவாகப் பார்க்கப்படுகிற இடம் அதுதான்.

தனிமை அறைகளில் முதலில் பதிவேட்டை வாங்குங்கள். அர்த்தமுள்ள மனிதத் தொடர்பு இல்லாமல் நாளொன்றுக்கு 22 மணி நேரமோ அதற்கு மேலோ அடைத்துவைத்தால் அது தனிமைச் சிறை என்றும், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் போனால் நீண்டகாலத் தனிமை என்றும் 44-ஆம் விதி வரையறுக்கிறது. நீண்டகாலத் தனிமை தடை செய்யப்பட்டது. பதிவேட்டில் யாருக்கும் 15-ஐத் தாண்டியிருக்காது. ஆனால் அதே எண் 14 நாளில் வெளியேறி, ஒரு நாள் கழித்து மீண்டும் நுழைந்திருக்கிறதா பாருங்கள். நான் மூன்று மாதப் பக்கங்களை ஒன்றாகப் புரட்டி, எண்களை வாய்விட்டு வாசிப்பேன். பக்கத்தில் நிற்கும் காவலர் முகம் மாறும் இடத்தில் நிறுத்திக்கொள்வேன்.

பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொல்லுங்கள். ஆம், நீங்கள் உள்ளே இருக்கும்போதே. காற்று வருகிறதா, படிக்க வெளிச்சம் போதுமா, கழிப்பிடத்தில் தண்ணீர் வருகிறதா என்பதெல்லாம் சாத்திய பிறகுதான் தெரியும். அழைப்பு மணியை அழுத்தி, கைக்கடிகாரத்தைப் பாருங்கள். ஒருமுறை நான் அழுத்திய மணிக்குப் பதினோரு நிமிடம் யாரும் வரவில்லை. வெளியே நின்ற துணை அதிகாரிக்கு அது என் மணி என்றே தெரியாது. அறிக்கையில் எந்த உரிச்சொல்லும் சேர்க்காமல் அந்த எண்ணை மட்டும் எழுதினேன்.

பேசுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்களுக்குக் கடிதம் எழுதியவரை மட்டும் கூப்பிட்டால், எழுதியவர் யார் என்று அந்த பிளாக் முழுவதும் அறிந்துவிடும். ஆகவே வரிசையாக எட்டுப் பத்துப் பேரோடு பேசுங்கள், எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே நேரம் செலவிடுங்கள், அவர் நடுவில் எங்காவது வரட்டும். ‘உங்களுக்கு என்ன குறை’ என்று கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் பதில் வரும். ‘நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும்வரை என்ன செய்தீர்கள்’ என்று கேளுங்கள். சாப்பாடு வந்த நேரம், பூட்டிய நேரம், மருந்து கிடைக்காத வேளை எல்லாம் தானாக வந்து விழும். எதற்கும் வாக்குறுதி தராதீர்கள். கிளம்பும் முன், நான் பேசியதால் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால் எனக்கு எப்படித் தெரிவிப்பீர்கள் என்று கேட்டு, அதற்கு ஒரு வழியை இருவருமாகவே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து, வேறு ஏதோ காரணம் காட்டி, அதே பிளாக்குக்குத் திரும்பப் போய் வாருங்கள்.

காவலர்களோடும் பேசுங்கள். புதியவர்கள் இதைத் தவிர்க்கிறார்கள், எதிராளி என்ற எண்ணத்தில். இரவுப் பணியில் ஒரே ஆள் எத்தனை அறைகளைப் பார்க்கிறார் என்ற உண்மை அவரிடமிருந்துதான் வரும். அழைப்பு மணி ஒலிப்பெட்டி ஆறு மாதமாகப் பழுது என்று எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலும் அவரிடம் இருக்கும். நல்ல கண்காணிப்பாளர்கள் உங்கள் அறிக்கையை எதிர்பார்த்துக் காத்திருப்பதும் உண்டு, மேலிடத்தில் ஆளும் பணமும் கேட்க அது உதவும் என்பதால்.

மருத்துவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். இது வெறும் ஆலோசனையல்ல, வெளிக் கண்காணிப்புக் குழுவில் மருத்துவத் துறையினர் இருக்கவேண்டும் என்று 84-ஆம் விதியே சொல்கிறது. மருந்துப் பதிவேட்டை அவர் வாசிப்பதற்கும் நாம் வாசிப்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

எழுதுவது

பரிந்துரை என்பது நிறைவேறியதா இல்லையா என்று மூன்றாவது ஆள் போய்ப் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். ‘மருத்துவ வசதிகள் மேம்படுத்தப்பட வேண்டும்’ என்று எழுதினால், ‘மேம்படுத்தப்பட்டு வருகிறது’ என்று பதில் வரும், கதை முடிந்தது. ‘சி பிளாக்கின் எல்லா அறைகளிலும் அழைப்பு மணி வேலை செய்யவேண்டும், வாரம் ஒருமுறை சோதித்துப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும், இன்ன தேதிக்குள்’ என்று எழுதுங்கள். ஓர் அறிக்கையில் ஐந்தாறு பரிந்துரை போதும். நாற்பது எழுதினால் எளிதான முப்பத்தைந்தைச் செய்துவிட்டு, 87 சதவீதம் நிறைவேற்றிவிட்டோம் என்று பெருமையோடு பதில் அனுப்புவார்கள்.

வரைவை வெளியிடும் முன் எதிர்த்தரப்புக்கு அனுப்புங்கள், தகவல் பிழை இருந்தால் திருத்த மட்டும், இன்ன நாளுக்குள் என்று. அறையின் எண்ணிக்கையில் ஒரு பிழை இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் பொய் என்பார்கள். கருத்தை மாற்றச் சொன்னால் மாற்றவேண்டாம். அவர்கள் பதிலை முழுதாகப் பின்னிணைப்பில் போட்டுவிடுங்கள். பெயர்களையும் அடையாளங்களையும் நீக்கும்போது, பெயரை எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ‘வலக்கையில் இரண்டு விரல் இழந்தவர்’ என்பதும் அந்தச் சிறைக்குள் ஒரு பெயர்தான்.

அலுவலக ஆட்களைப் பற்றி

சுருக்கமாகச் சொல்கிறேன். ஓர் ஊழியரிடம் எத்தனை கோப்பு என்பதற்கு மேல்வரம்பு வையுங்கள். மிஞ்சியதை உங்கள் பெயரில் காத்திருப்புப் பட்டியலாக எழுதி, அதன் நீளத்தை ஆண்டறிக்கையில் போடுங்கள். மரணம், தற்கொலை முயற்சி சம்பந்தப்பட்ட கோப்புகளை ஒரே ஆளிடம் தொடர்ந்து கொடுக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளரைச் சிறை ஊழியர்களிலிருந்தோ தொழிலாளரின் மேற்பார்வையாளரிடமிருந்தோ எடுக்கவே கூடாது. ‘எங்களால் இதில் எதுவும் செய்ய இயலாது’ என்ற கடிதத்தை எழுதப் பழகுங்கள். காரணமும் அடுத்து அவர் போகவேண்டிய இடமும் அதில் இருக்கவேண்டும், ஒரு வாரத்துக்குள் போகவேண்டும். இயலாது என்பதை எட்டு மாதம் கழித்துச் சொல்வதுதான் குற்றம்.

இனி, இடக்கையால் எழுதியவர்

இப்போது அந்தக் கோப்பை வரிசையாகச் செய்துபார்க்கலாம். வந்த அன்று: இழப்பீட்டு அலுவலகத்தின் மறுப்புக் கடிதத் தேதி, மேல்முறையீட்டுக் கடைசி நாள், விடுதலைத் தேதி மூன்றும் சிவப்பு மையில் ஏறுகின்றன. ஒப்புகைக் கடிதம் போகிறது, கெடு நிற்காது என்ற வரியோடு. மேல்முறையீட்டுப் படிவமும் அதிலேயே, நிரப்ப வேண்டிய இடங்களில் பென்சில் குறியோடு. இடக்கையால் எழுதுகிறவர் என்பதால் கையொப்பம் தவிர மற்றவற்றை அவர் சொல்ல நாம் நிரப்பினோம் என்று ஒரு சான்றும்.

இரண்டாம் நாள்: சிறைக்கு ஒரு கடிதம். தொழிற்கூட விபத்துப் பதிவேடு, அந்த நாளின் மருத்துவக் குறிப்பு, இயந்திரத்தின் பராமரிப்பு ஏடு, பாதுகாப்பு மூடி பற்றிய பதிவு எதையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகல் வேண்டும், இன்ன தேதிக்குள். கடுமையான காயங்களைச் சுதந்திரமான அதிகாரி ஒருவருக்கு உடனே தெரிவிக்கவேண்டும் என்று 71-ஆம் விதி சொல்கிறது. யாருக்குத் தெரிவித்தீர்கள் என்று ஒரு வரிக் கேள்வியும் சேர்கிறது.

அந்த வாரமே: சட்டக் கேள்வி. மண்டேலா விதிகளில் 101-ஆவது, சிறைவாசிகளின் வேலைக்கும் வெளியே உள்ள தொழிலாளருக்கான அதே பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்றும், வேலையால் வரும் காயத்துக்கும் தொழில்சார் நோய்க்கும் வெளியே இருப்பவர்களுக்குக் குறையாத இழப்பீடு வேண்டும் என்றும் சொல்கிறது. இது உள்நாட்டுச் சட்டத்தைப் போல நீதிமன்றத்தில் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆகவே இதை ஆணையாக வீசாமல் கேள்வியாக வைக்கிறோம், இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே கடிதத்தில், ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியும்படி: இந்த விதியை நமது நாட்டில் நிறைவேற்றும் பொறுப்பு உங்கள் இருவரில் யாருடையது? தனித்தனியாகக் கேட்டபோது இருவரும் மற்றவரைக் காட்டினார்கள். ஒரே தாளில் கேட்டால் காட்டுவதற்கு விரல் நீளாது.

பிறகு தொழிற்கூடத்துக்கு நேரில். அறிவிப்பில்லாமல், வேலை நடக்கிற நேரத்தில். அந்த இயந்திரத்தின் மூடி இப்போது மாட்டியிருக்கிறதா, மாட்டியது எந்தத் தேதியில், இப்போது யார் அதில் வேலை செய்கிறார். அவரோடும் பேசவேண்டும், வரிசையில் ஆறாவது ஏழாவது ஆளாக. கிளம்பும் வழியில் மருத்துவமனைப் பிரிவில் கடிதம் எழுதியவரைப் பார்த்து, கையை மதிப்பிட வெளி மருத்துவர் வரும் நாளைச் சொல்லவேண்டும். கட்டைவிரல் 40, ஆள்காட்டி 20 என்ற கணக்கை அன்று அவரிடம் சொல்லாதீர்கள். அடுத்த கடிதத்துக்கான தாளும் நம் முகவரி எழுதிய உறையும் கொடுத்துவிட்டு, பதிவேட்டில் அடுத்த தேதியை எழுதுங்கள்.